கத்தோலிக்கக் கல்லூரிக்கு ஆயர்தான் முதலாளியா? பாரிஸில் தொடங்கி திருப்பத்தூர் வரை நீளும் 800 வருடக் கதை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் போளூர், ஜவ்வாது மலைப் பக்கத்து வீடுகளில் காலேஜ் பேச்சு ஆரம்பித்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூரில் இருக்கும் தூய நெஞ்சக் கல்லூரியின் பெயரும் அதில் அடிபடும். கூடவே யாராவது ஒருத்தர், "அது கிறிஸ்தவக் காலேஜ்தானே, பிஷப்பைப் பார்த்தா வேலை முடிஞ்சிடும்" என்பார்.

முடியுமா? அந்தக் கல்லூரியில் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, என்ன அதிகாரம் இருக்கிறது? சீட்டு, ஃபீஸ், வேலை, புகார் என்று எதுவாக இருந்தாலும் யாரிடம் போக வேண்டும் என்பது இந்தக் கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், 'கத்தோலிக்க' என்ற பெயருக்குக் காவலர் ஆயர். நிர்வாகம் பெரும்பாலும் துறவற சபையின் கையில். பட்டமும், உதவி பெறும் பணியிடங்களின் சம்பளமும் அரசு வழியாக வருபவை. இப்படி மூன்றாகப் பிரிந்தது எப்படி என்று பார்ப்போம்.

ஆயர் வேறு, சபை வேறு

ஆயர் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் போளூர், வேலூர் மறைமாவட்டத்துக்குள் வருகிறது. திருப்பத்தூரும் அப்படித்தான்.

துறவற சபைகளின் அமைப்பு தனி. இயேசு சபை, சலேசிய சபை போன்றவற்றுக்கு உலகத் தலைமை ரோமில் இருக்கிறது. உள்ளூரில் 'மாநிலத் தலைவர்' என்று ஒருவர் இருப்பார். சபையின் உள்விவகாரங்களில் ஆயர் உத்தரவு போட முடியாது. சென்னை லயோலா, திருச்சி புனித வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார் மூன்றுமே இயேசு சபையின் கல்லூரிகள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி சலேசிய சபையுடையது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் சங்கனாச்சேரியில் 1922-ல் தொடங்கிய புனித பெர்க்மான்ஸ் கல்லூரியை உருவாக்கியவரே ஆயர் தாமஸ் குரியாளச்சேரிதான். மறைமாவட்டமே நடத்தும் அதுபோன்ற கல்லூரிகளில் ஆயரின் சொல்லுக்கு நேரடி எடை உண்டு. ஆக, 'கிறிஸ்தவக் காலேஜ்' என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, நடத்துவது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

'வேந்தர்' பதவியே ஆயர் வீட்டுச் சரக்கு

தமிழ்நாட்டில் துணைவேந்தரை நியமிப்பது யார் என்று ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த சண்டை நமக்குப் பழக்கமானது. ஆளுநர் அங்கே பேசுவது 'வேந்தர்' என்ற முறையில். இந்த வேந்தர் பதவியின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? இடைக்கால ஐரோப்பாவின் பேராலயத்தில்.

12, 13-ம் நூற்றாண்டு பாரிஸில் ஒருவர் பாடம் நடத்த வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். அதைக் கொடுத்தவர் நோத்ர தாம் பேராலயத்தின் சான்சலர், அதாவது ஆயரின் ஆள். ஆசிரியர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று சங்கம் அமைத்தபோது சான்சலரோடு உரசல் வந்தது. 1229-ல் மாணவர் கலவரம் ஒன்று அடக்கப்பட்ட விதத்தைக் கண்டித்து ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே கிளம்பினார்கள். வேலைநிறுத்தம் இரண்டு வருடம் நீடித்தது. 1231-ல் திருத்தந்தை 9-ம் கிரகோரி தலையிட்டு சான்சலரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டினார். விதிகளை வகுக்கும் உரிமையும், தேவைப்பட்டால் வகுப்புகளை நிறுத்தும் உரிமையும் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தன.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆரம்பக் காலத்தில் சான்சலர் லிங்கன் ஆயரின் அதிகாரத்துக்குக் கீழே இருந்தவர். அந்தப் பெயர் அப்படியே பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஒட்டிக்கொண்டது. 1857-ல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் உருவானபோது இங்கேயும் வந்துசேர்ந்தது. ஆயர் இருந்த நாற்காலியில் ஆளுநர் உட்கார்ந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருச்சியில் நடந்த பிரிவு

1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-ல் திருச்சிக்கு மாறியது. அப்போது அங்கே ஆயராக இருந்த அலெக்சிஸ் கானோஸும் இயேசு சபைக்காரர்தான். ஆயரும் சபையும் ஒரே வீட்டு ஆட்கள் என்பதால், 'கல்லூரி யாருடையது' என்ற கேள்விக்கே அவசியம் இல்லை.

1938-ல் நிலைமை மாறியது. மதுரை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. திருச்சிக்கு ஜேம்ஸ் மென்டோன்சா ஆயரானார். இந்தியர், இயேசு சபையைச் சேராதவர். மறைமாவட்டம் உள்ளூர்க் குருக்களின் கைக்குப் போனது. கல்லூரி இயேசு சபையிடமே தங்கியது. காலனி காலத்தில் வெளிநாட்டுச் சபைகள் கட்டிய அமைப்புகள் பலவற்றிலும் இந்தப் பிரிவினை நடந்திருக்கிறது. இன்றைய குழப்பத்துக்குக் காரணமும் இதுதான்.

மறைமாவட்டத்தை விட மூத்த கல்லூரி

நம்ம ஏரியாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். தூய நெஞ்சக் கல்லூரி தொடங்கியது 1951. வேலூர் மறைமாவட்டம் உருவானது 1952 நவம்பர். அதாவது கல்லூரி பிறந்தபோது வேலூருக்கென்று ஓர் ஆயரே கிடையாது. அந்தக் காலத்தில் சென்னைப் பேராயராக இருந்த லூயி மத்தியாஸும் சலேசியர். புதிதாக வந்த மறைமாவட்டமும் சலேசிய சபையின் பொறுப்பில்தான் விடப்பட்டது. பின்னாளில் வேலூர் ஆயர்களான ஏ.எம். சின்னப்பா, சவுந்தரராஜு பெரியநாயகம் இருவருமே அதே சபையிலிருந்து வந்தவர்கள்.

ஆயரும் கல்லூரியும் ஒரே சபை என்பதால், 'பிஷப்தான் எல்லாம்' என்ற எண்ணம் மக்களிடம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சலேசியர் ஒருவர் ஆயரான பிறகும் கல்லூரியின் நிர்வாகம் அவர் கைக்குப் போவதில்லை, சபையிடமே இருக்கும்.

சரி, ஆயருக்கு என்னதான் அதிகாரம்?

1983-ல் வந்த திருச்சபைச் சட்டமும், திருத்தந்தை 2-ம் ஜான் பால் 1990-ல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட ஆவணமும் இதைப் பேசுகின்றன.

• பெயர்: உரிய திருச்சபை அதிகாரியின் சம்மதம் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் 'கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்' என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது.

• கண்காணிப்பு: கத்தோலிக்கக் கோட்பாடு பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பது ஆயரின் உரிமை, கடமை.

• இறையியல்: அந்தப் பாடத்தை நடத்துபவருக்கு திருச்சபையின் அனுமதி வேண்டும். இயற்பியல், பி.காம் ஆசிரியருக்கு இது தேவையில்லை.

• நுழைவு: ஒரு சபை தன் இல்லத்தை மறைமாவட்டத்துக்குள் அமைக்க ஆயரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம்.

இந்தப் பட்டியலில் அட்மிஷன், ஃபீஸ், ஆசிரியர் நியமனம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தினசரி நிர்வாகத்தில் கல்லூரிக்குச் சுயாட்சி உண்டு.

ஆயரும் பல்கலைக்கழகமும் மோதினால்?

பெருவின் லிமா நகரில் 1917-ல் தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. ஒரு நன்கொடையாளர் உயில் எழுதிவைத்த சொத்தை நிர்வகிப்பதில் பேராயருக்குப் பங்கு உண்டா, பல்கலைக்கழக விதிகளை யார் முடிவு செய்வது என்று பேராயர் ஹுவான் லூயிஸ் சிப்ரியானியோடு பெரிய வழக்கு. 2012-ல் வத்திக்கான், 'கத்தோலிக்க' என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. பல்கலைக்கழகம் மூடப்படவில்லை, வகுப்புகள் நடந்தன, பட்டமும் கொடுத்தார்கள். 2016-ல்தான் சமரசம் வந்தது. ஆயர் பக்கத்தின் பெரிய ஆயுதம் பெயர்தான். கட்டடத்தைப் பூட்டும் சாவி அவர்களிடம் இல்லை என்பதை இந்த வழக்கு காட்டியது.

இந்தியச் சட்டம் யாரைப் பார்க்கிறது?

கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குக் கொடுக்கிறது. 1974-ல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில், 9 நீதிபதிகள் அமர்வு இந்த உரிமையை உறுதி செய்தது. வழக்குப் போட்டது ஆயர் அல்ல, கல்லூரியை நடத்திய சங்கம். நிர்வகிக்கும் உரிமை என்பது மோசமாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்பதையும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஜவ்வாது மலையின் பழங்குடி மாணவர்களுக்கு முக்கியமான இடம் இது: தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு வழிகொடுக்கும் 15(5) பிரிவு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அதனால் அங்கே அவர்களுக்கு எத்தனை இடம் என்பதில் நிர்வாகத்தின் கொள்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் கொள்கையை எழுதுவது யார் என்று தெரிந்தால்தான் கோரிக்கையைச் சரியான கதவில் வைக்க முடியும்.

சம்பளத்திலும் ஒரு தீர்ப்பு வந்தது. உதவி பெறும் நிறுவனங்களில் பாடம் நடத்தும் குருக்களும் அருட்சகோதரிகளும் சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள்; அதனால் வரி பிடிக்கக் கூடாது என்பது சபைகளின் வாதம். 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திருச்சபைச் சட்டம் எதுவாக இருந்தாலும், அரசு கொடுக்கும் சம்பளத்துக்கு டிடிஎஸ் உண்டு.

கல்லூரி, பல்கலைக்கழகம் ஆனால்?

சலேசிய சபை 2008-லேயே அசாமில் டான் போஸ்கோ பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவிட்டது. பெங்களூரில் இயேசு சபையின் புனித ஜோசப் கல்லூரி 2022-ல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே வேந்தர் ஆளுநர் அல்ல, ஆயரும் அல்ல. சபையின் மாநிலத் தலைவர். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அந்த இடத்தில் பேராயர் இருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிவிடும் திருத்த மசோதா 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாக அரசு அறிவித்தது. எதிர்த்தவர்களின் பயம் எளிமையானது: அரசுச் சம்பளமும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பிடியும் போய்விட்டால், ஏழை மாணவர்களின் ஃபீஸுக்கு யார் பொறுப்பு?

அப்போ யாரிடம் கேட்கணும்?

• அட்மிஷன், ஃபீஸ், நியமனம்: முதல்வர், கல்லூரிச் செயலாளர். அதற்கு மேல் சபையின் மாநிலத் தலைவர்.

• உதவி பெறும் பிரிவின் சம்பளம், அரசு விதிமீறல்: கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம்.

• பட்டம், இணைப்பு: வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்.

• கல்லூரி தன் கத்தோலிக்க அடையாளத்துக்கும், ஏழைகளுக்கென்று சொன்ன நோக்கத்துக்கும் உண்மையாக இருக்கிறதா என்ற கேள்வி: ஆயர்.

கடைசிக் கேள்விக்குச் சட்டப்படி உத்தரவு வராமல் போகலாம். ஆனால் அந்தப் பெயருக்குக் காவலராக இருப்பவர், அதைக் கேட்கவே முடியாது என்று சொல்ல முடியாது.