சொற்சுருக்கமும் ஒரு பூட்டிய மண்டபமும்



இக்கட்டுரையை ஒரு மன்னிப்புக் கடிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

2024-ம் ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்குழு அறிவிப்பை இணையப் பக்கத்தில் ஏற்றியவன் நான்தான். "பொதுக்குழு: ஞாயிறு, ஜன. 28, மு.ப. 11. தமிழ் வகுப்பு பற்றிய விவாதம்: பி.ப. 4" என்று சிக்கனமாக எழுதியிருந்தேன்.

கிர்கீயில் வசிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் கிளாக்கோமாவால் பார்வை இழந்தவர். கைபேசியில் உள்ள திரைவாசிப்பான் உரக்கப் படிக்க, அவர் கேட்டுக்கொள்வார். என் அறிவிப்பையும் அப்படித்தான் கேட்டார். "பி.ப. 4" என்பது "பிப நாலு" என்று காதில் விழுந்தது. ஜனவரியை "ஜன" என்றவர்கள் பிப்ரவரியை "பிப" என்பது இயல்புதானே? பிப்ரவரி 4-ம் ஞாயிற்றுக்கிழமைதான். கணக்கு வழக்கை மற்றவர்கள் பார்க்கட்டும், வகுப்பு விவாதத்திற்கு மட்டும் போவோம் என்று இருந்துவிட்டார்.

பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தபோது மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாரந்தோறும் நடந்த தமிழ் வகுப்பை மாதம் இருமுறையாகக் குறைக்கும் தீர்மானம் முந்தைய ஞாயிறே நிறைவேறிவிட்டது. அந்த வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர்.

தொலைபேசியில் அவர் கோபப்படவில்லை. "தம்பி, பிற்பகல் என்று எழுத அங்கே இடமில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் விவரம் தேடினேன். இணையப் பக்கங்களை எழுத உதவும் குறிமொழி ஹெச்.டி.எம்.எல். அதன் 4-ம் பதிப்பு 1997-ல் வந்தபோதே சொற்சுருக்கங்களுக்கென ஏ, பி, பி, ஆர் என்ற நான்கெழுத்துக் குறி ஒன்று சேர்க்கப்பட்டது. சுருக்கத்தை அதற்குள் வைத்து, முழுச்சொல்லையும் உடன் எழுதிவிடலாம். கணினியில் சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் முழுச்சொல் தோன்றும். ஆனால் கைபேசியில் சுட்டி ஏது? திரைவாசிப்பான்கள் பலவும், அமைப்பை மாற்றினாலொழிய, மறைந்திருக்கும் அவ்விளக்கத்தைப் படிப்பதில்லை. ஆகவே குறி மட்டும் போதாது.

2008-ல் வெளியான இணைய அணுகல் நெறிமுறைகளின் 2-ம் பதிப்பு, சுருக்கத்தின் விரிவை வாசகர் அறிய ஏதேனும் வழி இருக்கவேண்டும் என்கிறது. எளிய வழி இதுதான்: முதல்முறை முழுச்சொல்லை எழுதி, அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைத் தரவேண்டும். பிறகு சுருக்கமே போதும்.

இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமான சலுகை அல்ல. புனே நகரின் பி.எம்.டி.யும் பிம்ப்ரி சிஞ்ச்வடின் பி.சி.எம்.டி.யும் 2007-ல் இணைந்து பி.எம்.பி.எம்.எல். ஆயின. அது நகரப் பேருந்து நிறுவனம் என்று ஊரிலிருந்து புதிதாக வரும் குடும்பத்திற்கு எப்படித் தெரியும்? நம் பிள்ளைகளோ பள்ளியில் தேவநாகரி படிப்பவர்கள். கி.மு. என்றாலும் உ.வே.சா. என்றாலும் விழிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் வரும் ௵, ௴, ௳ ஆகியவை வருடம், மாதம், நாள் என்று எத்தனை வீடுகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? இக்குறிகள் 2003-லேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டன. கணினிக்குத் தெரிந்தது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

2025 பொதுக்குழுவில் ஐயா பேசினார். வகுப்பு மீண்டும் வாரந்தோறும் நடக்கிறது. இடையில் போன ஓராண்டு போனதுதான். அதற்கு நானே பொறுப்பு. இப்போது எந்த அறிவிப்பையும் வெளியிடுமுன் அவருக்கு அனுப்பி, காதுக்குச் சரியாக விழுகிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்திற்குச் செய்தி அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேதியையும் நேரத்தையும் முழுச்சொல்லில் எழுதுங்கள். நாலெழுத்து கூடினால் நமக்கு நஷ்டமில்லை.