உங்களுக்குத் தெரியுமா? கடலில் முளைத்த பேரீச்சை

பேரீச்சை மர வடிவில் துபாய்க் கடலில் கட்டிய செயற்கைத் தீவான பாம் ஜுமைராவுக்கு 9 கோடியே 40 லட்சம் கன மீட்டர் மணலும் 70 லட்சம் டன் பாறையும் தேவைப்பட்டன. 2001-ல் வேலை தொடங்கியபோது பக்கத்திலேயே பாலைவனம் பரந்து கிடந்தது. ஆனால் அந்த மணல் இதற்கு ஆகாது. காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்ட மணல் அது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்காது. அதனால் வளைகுடாவின் அடியிலிருந்து சொரசொரப்பான கடல் மணலைத் தோண்டியெடுத்தார்கள்.

தோண்டிய கப்பலே மணலைத் தண்ணீரோடு கலந்து, வில் வளைவாகப் பீய்ச்சியடித்துக் கொட்டும். பார்க்க வானவில் போல இருப்பதால் 'ரெயின்போயிங்' என்றே பெயர். கடலில் கோடு போட முடியாதே, பேரீச்சை மர வடிவம் எப்படி வந்தது? எங்கே கொட்டுவது என்று ஜிபிஎஸ் வழிகாட்டியது. அந்த வடிவம் வெறும் அழகுக்காக மட்டும் அல்ல. வட்டத் தீவென்றால் கரை கொஞ்சம்தான். ஓலை ஓலையாகப் பிரித்ததால் பல வீடுகளுக்கு வாசலிலேயே கடல் கிடைத்தது.

படியில் அரிசி அளக்கும்போது தட்டினால் சற்று இறங்குமல்லவா? அரிசி மணிகளுக்கு நடுவே இருப்பது போலக் கொட்டிய மணலிலும் இடைவெளி உண்டு. நிலம் அதிர்ந்தால் ஈர மணல் குழம்பாகி வீடுகள் சரிந்துவிடும். ஆகவே நீண்ட அதிர்வுக் குழாய்களை ஆழமாக இறக்கி, மணலை இறுக்கிய பிறகே கட்டடம் எழுப்பினார்கள். தீவு என்றதும் எல்லோரும் படம் பிடிப்பது மேலே நிற்கும் ஓட்டல்களை. எனக்கு வியப்பு, கண்ணில் படாத இந்த வேலைதான்.

தீவைச் சுற்றி அரைவட்டமாக 11 கிலோமீட்டர் அலைத்தடுப்பு. முதலில் அதை இடைவெளியே இல்லாமல் கட்டினார்கள். அலை நின்றது; உள்ளே தண்ணீர் ஓட்டமும் மந்தமாயிற்று. நீர் தேங்கிக் கெட்டுவிடும் என்று தெரிந்ததும், கட்டிய தடுப்பில் இரு பக்கமும் வழி திறந்துவிட்டார்கள்.

அதே துபாயில் உலக வரைபடம் போல 300 தீவுகள் கொட்டப்பட்டன. 2008 பொருளாதார நெருக்கடியில் வேலை நின்றுபோக, அவற்றில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் வெறும் மணல் திட்டுகளாகவே கிடந்தன.

மாலத்தீவின் ஹுல்ஹுமாலேயும் செயற்கைத் தீவுதான்; ஆனால் சொகுசுக்காகக் கட்டியதல்ல. தலைநகர் மாலேயில் நெரிசல் தாங்காமல், 1997-ல் ஒரு பவழத் திட்டைத் தூர்த்து ஊராக்கத் தொடங்கினார்கள். கடலிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம் வைத்துக் கட்டியது, கடல் மட்டம் ஏறும் காலத்துக்கான முன்யோசனை.

இயந்திரம் இல்லாமலும் தீவு கட்டலாம். சாலமன் தீவுகளின் மலைட்டாவில் லாவு மக்கள் பவழக் கற்களைக் கையால் அடுக்கியே தீவு எழுப்பிக் குடியிருந்தார்கள். டிட்டிகாக்கா ஏரியின் உரோஸ் மக்களுடையதோ கோரைத் தீவு; அடிக்கோரை அழுக அழுக மேலே புதுக்கோரை பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொழும்புத் துறைமுக நகரம் தீவல்ல, கரையோடு சேர்ந்தது. என்றாலும் அதன் 269 ஹெக்டேரும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். இதற்கு மணல் அள்ளியபோது நீர்கொழும்பு மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் வலை வீசும் கடலின் அடியிலிருந்துதான் அந்த மணல் போனது.