தலைசுற்றலும் மாத்திரையும்

‘தலை சுற்றுகிறது’ என்ற இரண்டே சொற்களில் நம்மவர்கள் எத்தனை நோய்களை அடக்கிவிடுகிறார்கள்! பசி மயக்கமும் தலைசுற்றல்தான். படுக்கையை விட்டுச் சட்டென்று எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் தலைசுற்றல்தான். கட்டிலும் கூரையும் பம்பரமாய்ச் சுழல்வதும் தலைசுற்றல்தான். காசிக்குப் படிக்க வந்த பின்னர் இந்தப் பட்டியலில் ‘சக்கர்’ என்ற இந்திச் சொல்லும் சேர்ந்துகொண்டது. லங்காக் கடைவீதியில் எந்த மருந்துக் கடையிலாவது போய் ‘சக்கர் ஆ ரஹா ஹை’ என்று சொல்லிப் பாருங்கள். எப்படிச் சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்ற கேள்வி எதுவும் எழாது. கடைக்காரர் கை நீட்டி ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்த மாத்திரை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மருத்துவன் அல்லேன். விலங்கியல் பயிலும் மாணவன். ஆயினும் இந்தக் கதை தொடங்குவது என்னவோ விலங்கியலில்தான். 1820-களில் பாரிஸ் நகரில் ஃப்ளூரான்ஸ் என்னும் அறிஞர், புறாக்களின் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களின் கேள்வி கெடவில்லை. ஆனால் அவை நிலைகொள்ளாமல் தவித்தன. எந்தக் குழாய் வெட்டப்பட்டதோ அது கிடந்த வாட்டத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருந்தன. காது என்பது கேட்பதற்கு மட்டும் அன்று என்பதற்கு இது முதற் சான்று.

மருத்துவ உலகம் அதை மனிதருக்குப் பொருத்திப் பார்க்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் ஒருவர் திடீரெனத் தலைசுற்றி வாந்தியெடுத்து விழுந்தால், ‘மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது’ என்று சொல்லி, அட்டை விட்டோ கத்தி கொண்டோ இரத்தத்தை இறக்குவார்கள். பாரிஸில் செவிடர்களுக்கான பள்ளி ஒன்றில் மருத்துவராக இருந்த மெனியேர், தலைசுற்றலோடு காது இரைச்சலும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதைக் கண்டு, குற்றம் மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது என்று 1861-ல் அறிவித்தார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். நோய்க்கு மட்டும் அவர் பெயர் நிலைத்தது.

உட்செவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய ஒரு செம்பு நீர் போதும். செம்பைச் சட்டென்று திருப்புங்கள். செம்பு திரும்பும், நீர் உடனே திரும்பாது, சற்றுப் பின்தங்கும். ஒவ்வொரு காதிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும், அவற்றில் நீரும் உள்ளன. தலை திரும்பும்போது பின்தங்கும் நீர், குழாயில் உள்ள கூழ் போன்ற ஒரு தடுப்பை வளைக்கிறது. அதில் பதிந்துள்ள நுண்மயிர்கள் சாயவே, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. தலை அசையாத நேரத்திலும் இரு காதுகளும் ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வலமும் இடமும் சமமாக இருந்தால் ‘நிற்கிறேன்’ என்று மூளை பொருள் கொள்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பும் அல்லவா? அவ்வாறே ஒரு காது நோயுற்று அதன் துடிப்பு குறைந்தால், அசையாமல் கிடப்பவனையும் ‘நீ சுழல்கிறாய்’ என்று மூளை நம்பவைத்துவிடுகிறது. கண்களும் அந்தப் பொய்யை நம்பி ஒரு பக்கமாக இழுபட்டு இழுபட்டுத் திரும்புகின்றன. வியன்னா மருத்துவர் பாரானி, காதைக் கழுவ ஊற்றும் நீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கமும், சூடாயிருந்தால் மறு பக்கமும் இழுபடுவதைக் கண்டறிந்தார். 1914-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ருஷ்யாவில் போர்க் கைதி!

இனி மாத்திரைக்கு வருவோம். 1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தோல் தடிப்புக்காக ஒரு புதிய மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் ஒரு கர்ப்பிணி. டிராம் வண்டியில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். மருந்து தின்ற நாள் முதல் குமட்டல் இல்லை என்று அவர் சொன்னார். கேட்ட டாக்டர்கள் இருவரும் விடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற படைக் கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களிடையே அதைச் சோதித்து வெற்றி கண்டார்கள். அதுவே டைமென்ஹைட்ரினேட். டிராமமைன் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. தோல் மருந்தாகப் பிறந்து கப்பல் மருந்தாக வளர்ந்தது, பிற்பாடு காது மருந்தாயிற்று.

நம் வீடுகளில் வழங்குபவை பெரும்பாலும் மூன்று. ஸ்டெமெட்டில் என்று நாம் அறிந்த புரோக்ளோர்பெரசின். ஸ்டூஜெரான் என்ற பெயரில் வந்த சின்னரிசின். வெர்ட்டின் முதலிய பெயர்களில் வரும் பீட்டாஹிஸ்டின். முதல் இரண்டும், டிராமமைனும், காதில் எதையும் பழுது பார்ப்பவை அல்ல. காதிலிருந்து வரும் தாறுமாறான செய்தி மூளையில் உரத்து ஒலிக்காதபடி அதை அமுக்குபவை. குழந்தை வீரிட்டு அழும்போது கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒப்பானது இது. சில வேளைகளில் கதவைச் சாத்துவது தேவைதான். உட்செவி நரம்பு திடீரென வீங்கி ஒருவர் இரண்டு நாள் இடைவிடாது சுழன்று, குடித்த நீரையும் வாந்தியெடுத்துக் கிடக்கும்போது இந்த மாத்திரையோ ஊசியோ பெரும் புண்ணியம். அதில் ஐயமே இல்லை.

ஆனால் இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு கதை மாறுகிறது. மூளை ஒரு வியப்பான வேலையைத் தொடங்குகிறது. ‘இந்தக் காது இனி இவ்வளவுதான் பேசும்’ என்று கணக்கைத் திருத்தி எழுதி, கண்ணையும் கால்களையும் புதிய கணக்குக்குப் பழக்கிக்கொள்கிறது. திருத்தி எழுதுவதற்குத் தவறான கணக்கு கண்ணில் பட வேண்டும் அல்லவா? நோயாளி எழுந்து நடமாடி, தலையைத் திருப்பி, சற்றுக் கிறுகிறுப்பை அனுபவித்தால்தான் மூளை கற்கிறது. அந்நேரத்திலும் மாத்திரையால் செய்தியை அமுக்கிக்கொண்டே இருந்தால் பாடம் நடப்பதில்லை. சுகமாவது தள்ளிப் போகிறது. அதனால்தான் நல்ல வைத்தியர்கள் மூன்று நாளோடு மாத்திரையை நிறுத்தி, நடக்கவும் தலையை அசைக்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மூளை எவ்வளவு தூரம் ஈடு செய்யும் என்பதற்கும் எல்லை உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் இரு காதுகளிலும் சமநிலை உறுப்பை இழந்த ஓர் அமெரிக்க மருத்துவர், தம் அனுபவத்தை 1952-ல் எழுதினார். படுத்துக்கொண்டு படிக்கும்போது நாடித் துடிப்பால் தலை அசையும் அந்தச் சிறு அசைவுக்கே எழுத்துக்கள் குதித்தனவாம். தலையைக் கட்டில் கம்பியில் அண்டக் கொடுத்துத்தான் அவர் படித்தார். இரு காதும் போனவருக்கு அமுக்கும் மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. அமுக்குவதற்குச் செய்தியே இல்லையே!

இப்போது எல்லாவற்றினும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். உட்செவித் தலைசுற்றல்களில் மிகச் சாதாரணமானது எது தெரியுமா? கல் இடம் பெயர்வது. உட்செவியில் ஒரு பையில், புவியீர்ப்பை உணர்வதற்காகச் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வயதானாலோ தலையில் அடிபட்டாலோ இவற்றிற் சில உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடும். பிறகு படுக்கையில் புரண்டாலும், பரண்மேல் இருப்பதை எடுக்க அண்ணாந்தாலும் கற்கள் உருண்டு நீரைத் தள்ளும். உலகம் சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வாயில் போட்ட மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி ஆகும். அதற்குள் சுழற்சி எப்போதோ நின்றுவிட்டது! ‘மாத்திரை போட்டேன், நின்றது’ என்று நாம் மகிழ்வது, சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்பது போன்ற கதை.

கல்லைக் கரைக்க மருந்து இல்லை. உருட்டி வெளியேற்றத்தான் வேண்டும். 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் லண்டனில் இந்நோயைக் கண்டறியும் சோதனையை வகுத்தார்கள். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து மருத்துவர் எப்ளி, கல்லைத் திரும்பப் பைக்குள் கொண்டு சேர்க்கும் முறையை வகுத்து 1992-ல் வெளியிட்டார். நோயாளியை உட்காரவைத்துத் தலையை நோயுள்ள பக்கமாக 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாத்தி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி வைப்பார்கள். சுழற்சி அடங்கிய பின் தலையை மறுபக்கம் 90 பாகை திருப்புவார்கள். பிறகு உடலோடு சேர்த்து மேலும் 90 பாகை புரட்டி முகம் தரையை நோக்கும்படி செய்து, கடைசியில் எழுப்பி உட்காரவைப்பார்கள். அவ்வளவே. ஐந்து நிமிடம் ஆகாது. பலருக்கு ஒரே தடவையில் நின்றுவிடுகிறது. குழந்தைகள் கண்ணாடிக்குள் சிறு குண்டை உருட்டிக் குழியில் விழவைக்கும் விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று பார்க்க வேண்டியிருப்பதாலும், கழுத்தெலும்பு நோயுள்ளவர்களுக்கு ஆகாது என்பதாலும், முதல் தடவை டாக்டரிடமே செய்துகொள்வது நல்லது. இந்நோய்க்கு அமுக்கும் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் சங்கத்தின் 2017 நெறிமுறையும் கூறுகிறது.

வேண்டாத மாத்திரையால் காசுதானே நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஹனுமான் காட் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த சந்து ஒன்றில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். ஊரில் டாக்டர் ஒருவர் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த சின்னரிசினை நாலு வருஷம் தின்றார். சீட்டு கிழிந்து போயிற்று. அட்டையைக் காட்டினால் கடையில் கொடுத்துவிடுகிறார்களே! நடை குறுகிற்று, வலக் கை நடுங்கிற்று, முகத்தில் சிரிப்பு மறைந்தது. ‘வயசாயிடுத்து’ என்று வீட்டார் தீர்மானித்துக்கொண்டார்கள். கங்கைக் கரைப் படிகளில் ஒரு நாள் சறுக்கி விழுந்த பின்னரே வேறொரு டாக்டர் அட்டையைப் பார்த்தார். சின்னரிசினும் புரோக்ளோர்பெரசினும் மூளையில் டோபமின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்க வல்லவை. டோபமின் குன்றினால் வருவதுதான் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும். முதியோர் மாதக் கணக்கில் தின்றால் நோய் இல்லாமலே நோயின் சாயல் வந்துவிடும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறையும். சிலருக்கு முற்றும் போவதில்லை. மாமிக்கு நடை திரும்பிவிட்டது; கை நடுக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தலைசுற்றலுக்குக் காரணம் வலக் காதில் உதிர்ந்த கல் என்று தெரிந்து, இரண்டே தடவை புரட்டி எடுத்ததில் அது போய்விட்டது. இப்படி நெடுநாள் மாத்திரை தின்பவர்கள் வீட்டில் இருந்தால், தாமாக ஒரே நாளில் நிறுத்திவிடாமல், அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவதே முறை.

பீட்டாஹிஸ்டின் தனி ரகம். அது அமுக்கும் மருந்து அன்று, தூக்கமும் தராது. உட்செவிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்பது அதைக் கொடுப்பதற்குச் சொல்லப்படும் காரணம். மெனியேர் நோய்க்கு நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலோ அதற்கு அரசாங்க அங்கீகாரம் இல்லை. ஜெர்மனியில் 221 மெனியேர் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, குறைந்த அளவு, மிகுந்த அளவு, வெறும் போலி மாத்திரை என ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. மூன்று பிரிவிலும் சுழற்சி குறைந்தது. பிரிவுகளுக்குள் வேற்றுமை இல்லை. மெனியேர் நோய் தானே ஏறித் தானே இறங்கும் இயல்புடையது. இறங்கும் காலத்தில் எதைத் தின்றாலும் அதற்குப் புகழ் சேரும். இந்த மருந்தால் பெரிய தீங்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் நோயாளி, மாதம் தவறாமல் இதை வாங்குவது எனக்கு விளங்காத புதிர்.

டாக்டரிடம் போகும்போது ‘மயக்கம்’ என்றோ ‘சக்கர்’ என்றோ சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அறை சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். இந்தி டாக்டரானால் முன்னதற்குக் ‘கம்ரா கூம்தா ஹை’ என்றும், பின்னதற்குக் ‘ஆங்கோன் கே ஸாம்னே அந்தேரா’ என்றும் சொன்னால் போதும். சுழற்சி விநாடிக் கணக்கா, மணிக் கணக்கா, நாட்கணக்கா? விநாடிக் கணக்கானால் கல்லாக இருக்கலாம். மணிக் கணக்காக நீடித்து, காது அடைத்து இரைந்தால் மெனியேர். நாட்கணக்கானால் நரம்பு வீக்கம். பாதி நோய் இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் புறம்பான ஒன்று உண்டு. சுழற்சியோடு வாய் குழறினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகமோ கையோ மரத்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சாய்ந்தாலோ அது காது அன்று. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. அப்போது மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பாமல், ரிக்ஷாவோ ஆட்டோவோ கிடைத்த வண்டியில் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சுழற்சி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்பதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து எடுத்துக்கொள்ளுங்கள்.