டோலி தூக்கியவர்களுக்கும் ஒரு ஸ்தோத்திரம்

சபைக்கு ஐம்பது வயது, நூறு வயது என்றால் நம்மூரில் ஏற்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆலயத்துக்குப் புது பெயின்ட், வாசலில் வாழைமரம், சீரியல் செட், ஸ்தோத்திர ஆராதனை, பிறகு பந்தி. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். திரும்பிப் போகும்போது கையில் ஒரு விழா மலர் இருக்கும். என் கவலையெல்லாம் அந்த மலரைப் பற்றித்தான். அதற்கு முன்னால் கொல்லிமலைக்கு ஒரு நடை போய் வரலாம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் வருவதற்கு முந்தைய காலம். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடிந்த கையோடு மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் மலையேறி வாழவந்தியில் குடியிருந்தார்கள். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் பயின்றவர். அவர் மலைக்கு வந்தது டோலியில்.

ஜெஸ்ஸி வைத்தியம் பார்த்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார், பள்ளிகள் தொடங்கினார். நரம்புச் சிலந்திக்கு அவர் பார்த்த வைத்தியத்துக்குப் பொறுமைதான் முதல். காலில் கொப்புளம் உடைந்து தலைநீட்டும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் மிச்சம் உள்ளேயே இருந்து சீழ் வைக்கும். புண்ணோடு கிணற்றுத் தண்ணீரில் கால் நனைப்பதால்தான் நோய் பரவுகிறது என்பதால் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வைத்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். அந்த நோயிலிருந்து இந்தியா விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான்.

இத்தனை செய்தும் சபையில் சேர பல வருஷம் ஆளில்லை. உலகையே உலுக்கிய இன்ஃபுளூயன்சா மலைக்கும் வந்தது. அதுவரை இவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது, பயந்துபோய் மற்றவர்கள் விலகிவிட, ஜெஸ்ஸியும் எவலினும்தான் பக்கத்தில் இருந்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். மலைக்காரர்களின் பார்வை அதற்குப் பிறகுதான் மாறியது.

1929-ல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குச் சாவுச் செய்தி தந்தியில் போய்விட்டது. அப்பா எழுதிய கடிதங்களோ கப்பலில் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. கொல்லிமலையில் வளர்ந்த அந்தப் பையன்தான் பின்னால் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

எவலின் மலையை விடவில்லை. எழுபது வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது அதிலிருந்து விலகி, மட்டக்குதிரையில் ஏறி பச்சைமலை, கல்வராயன் என்று அடுத்தடுத்த மலைகளுக்குப் புறப்பட்டார். 1974-ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமாகி, கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? மகன் எழுதி வைத்தார், வாழ்க்கை வரலாறு வந்தது, மிஷன் பத்திரம் பண்ணியது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அப்படி எழுத யார் இருந்தார்கள்? எவலினின் டோலியைத் தோளில் சுமந்தது யார், கிணற்றுச் சுவருக்குக் கல் தூக்கியது யார், சாதிசனம் ஒதுக்கினாலும் பரவாயில்லை என்று முதலில் ஞானஸ்நானம் எடுத்தது யார்? மலர்க் குழுக்களுக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை. எனக்குக் கிடைத்த மலர்களில் முக்கால்வாசி வாழ்த்துரை, அரைப்பக்க விளம்பரம், நன்கொடையாளர் படம். சபை வரலாறு என்று இரண்டு பக்கம், அதுவும் போதகர்களின் பெயர்ப் பட்டியல்.

மகிமை கர்த்தருக்கு மட்டும், மனுஷர் பெயர் எதற்கு என்று கேட்கும் மூப்பர்கள் உண்டு. வந்தவர்கள் மலைச்சாமிகளைக் கலைத்தார்கள் என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். கர்த்தர் யார் கையைக் கொண்டு உதவினார் என்று தெரியாமல் அவருக்கு எப்படி நன்றி சொல்வது?

எவலின் அடக்கத்தின்போது பத்து வயதுப் பிள்ளையாக நின்றவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஜெஸ்ஸியை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இனி இருக்க வாய்ப்பில்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள்தான் மிச்சம். அடுத்த மலர் போடுகிறவர்கள் வாழ்த்துரை கேட்டு அலையும் நேரத்தில், செல்போனோடு இவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்காரலாம்.