உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் சொந்த பாட்டில்

குத்தம்பாக்கத்திலிருந்து காரில் கிளம்பி, பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி, சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறப் போகிறீர்களா? பெட்டிக்குள் ஒயின் பாட்டில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலில் வெளி மதுவுக்கு அனுமதியில்லை.

இத்தனைக்கும் இதே கப்பல் முன்பு ‘எம்பிரஸ் ஆஃப் த சீஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடியதுதான். அந்த நிறுவனமோ, குடிக்கும் வயதுள்ள பயணி ஒவ்வொருவரும் கப்பலேறும் நாளில் 750 மி.லி. ஒயின் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுவர விடுகிறது. கார்னிவல் கப்பல்களிலும் அப்படியே. ஆனால் அந்த பாட்டிலை அறையில் திறக்காமல் டைனிங் ஹாலுக்கு எடுத்துப்போனால், திறந்து ஊற்றித் தருவதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவார்கள். நம் பாட்டில், அவர்கள் பில்!

விஸ்கி, ரம் கொண்டுபோனால் இவ்விரு நிறுவனங்களிலும் பறிமுதல்தான். மவுத்வாஷ் பாட்டிலைக் காலிசெய்து, சரக்கில் பச்சை நிறம் கலந்து ஊற்றி, மூடியை ஒட்டிக் கொண்டுபோகும் தந்திரமெல்லாம் ஸ்கேனர் அருகே நிற்கும் ஊழியர்களுக்குப் பழைய கதை. கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் பாருக்குப் பெரிய பங்கு உண்டு, சும்மா விடுவார்களா?

வழியில் இறங்கும் ஊரில் வாங்கினாலும், ராயல் கரீபியனில் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் கொடுப்பார்கள். 2022இல் புதுச்சேரியில் நிற்கவிருந்த ‘எம்பிரஸ்’ கப்பலுக்கு அந்தச் சிக்கல்கூட வரவில்லை. கப்பலில் இருந்த சூதாட்டக் கூடம் குறித்து எழுந்த எதிர்ப்பால், புதுச்சேரி அப்போது அதை உள்ளேயே விடவில்லை. பாண்டிச்சேரியின் மலிவான சரக்கு விலைக்கு ஆசைப்பட்டு யாராவது டிக்கெட் எடுத்திருந்தால், பாவம்தான்.