மூடிய யன்னலும் மூச்சு விடும் அறையும்

"பெண்களுக்கு மட்டும்" என்ற பலகை தொங்கும் அழகுக்கலை நிலையங்கள் இன்று நமது ஊர்களில் பல தெருக்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை வீட்டின் முன் அறையிலேயே நடக்கின்றன. பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே உழைக்க ஒரு பெண்ணுக்குத் தையலுக்கு அடுத்தபடியாகக் கிடைத்த தொழில் இது. அந்த அறைகளில் யன்னல் இருந்தாலும் பலகை அடித்தோ, கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியோ மூடியிருப்பார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததே. உள்ளே வரும் பெண்கள் ஹிஜாபைக் கழற்ற வேண்டும். தெருவிலிருந்து ஒரு பார்வையும் உள்ளே வரக்கூடாது.

கல்முனைப் பக்கத்தில் என் சாச்சி நடத்தும் நிலையமும் அப்படித்தான். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். அதை "இயற்கை முறையில்" மாற்ற வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. பிளாஸ்டிக் புல், இலை போட்ட சுவர்த்தாள், பேசின் நடுவே நீரூற்று என்று படங்களைக் காட்டி, எனக்கு வரையத் தெரியும் என்பதால் தெரிவு செய்யும் பொறுப்பையும் தந்தார். அதற்காகத் தேடி வாசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு அறை வைத்திருக்கும் உம்மாமாருக்கும் இது உதவலாம்.

பச்சையைப் பார்த்தால் மனம் ஆறும் என்பது வெறும் பேச்சல்ல. றொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு முடிவை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள், மற்ற 23 பேருக்கு ஒரு செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. கலியாணத்துக்கு முதல் நாள் பதற்றத்தோடு வந்து உட்காரும் மணப்பெண்ணுக்கும் ஓர் இலையின் அசைவு ஏதோ செய்யும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 1989இல் வெளியான நாசா ஆய்வு ஒன்று, மூடிய சிறு பெட்டிக்குள் வைத்த செடிகள் சில இரசாயன ஆவிகளைக் குறைப்பதாகக் காட்டியது. பெட்டி வேறு, அறை வேறு. 2019இல் இத்தகைய ஆய்வுகளை மீளப் பரிசீலித்தவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்வதென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை என்று கணக்கிட்டார்கள். சாச்சியின் அறையில் அத்தனை செடி வைத்தால் கதிரை வைக்க இடமிராது!

இது வேடிக்கையான விடயம் அல்ல. தலைமயிர்ச் சாயத்திலிருந்து அமோனியா வருகிறது. நகப்பூச்சிலிருந்தும் அதை அழிக்கும் திரவத்திலிருந்தும் கரைப்பான்களின் ஆவி வருகிறது. முடியை நேராக்கும் திரவங்களில் சில, சூடாகும்போது போமல்டிகைட்டை வெளிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒரு மணித்தியாலத்தில் போய்விடுவார். சாச்சியும் அவருக்கு உதவிக்கு நிற்கும் ராத்தாவும் காலை முதல் மஃரிப் வரை அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ராத்தாவுக்கு வீசிங் இருக்கிறது. சாச்சிக்குப் பின்னேரமானால் தலைவலி.

"ஏ.சி. ஒன்டு போட்டா எல்லாம் சரியாயிரும் மகள்" என்றார் சாச்சி. அதற்காகக் கடன் விண்ணப்பமும் எடுத்து வைத்திருந்தார். வீடுகளில் பூட்டும் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. குளிர் போகாமல் இருக்க மீதமிருக்கும் இடுக்குகளையும் நாம் அடைத்துவிடுவோம். ஆகவே அறை குளிரும், ஆவி அங்கேயே நிற்கும்.

அப்படியானால் பார்வை உள்ளே வராமல் காற்று மட்டும் வருவது எப்படி? இந்தக் கேள்விக்கு முஸ்லிம்களின் கட்டடக் கலை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் வைத்திருக்கிறது. கெய்ரோவின் பழைய வீடுகளில் மஷ்ரபிய்யா என்ற மரப் பின்னல் யன்னல்கள் உண்டு. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி அதற்கு ஐந்து பயன்களைச் சொல்கிறார். வெளிச்சத்தை மட்டுப்படுத்துவது, காற்றோட்டத்தை ஒழுங்குபடுத்துவது, காற்றின் சூட்டைக் குறைப்பது, அதன் ஈரப்பதனைக் கூட்டுவது, மறைவு தருவது. கண் மட்டத்தில் பின்னல் நெருக்கமாக இருக்கும், மேலே துளைகள் பெரிதாகும். மறைவு கீழே, காற்று மேலே. குடித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பார்கள். மண் கூசாக்களில் தண்ணீரை அங்கே வைத்துக் குளிர வைத்தார்களாம். நமது கரையில் ஈரப்பதன் அதிகம் என்பதால் அந்தக் கூசா வித்தை எல்லாக் காலத்திலும் பலிக்காது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலிக்கும்.

பின்னல் யன்னல் மட்டும் போதாது. காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் வெளியேறவும் ஒரு வழி வேண்டும். எதிர்ச் சுவரில், சாயம் பூசும் கதிரைக்குக் கிட்ட, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பூட்ட வேண்டும். அப்போது ஆவி முகத்தைத் தாண்டிப் போகாமல் பின்னாலேயே வெளியேறும். பழைய வீடுகளில் கூரையோரம் இருக்கும் துளையுள்ள சீமெந்துப் பூக்கற்களும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நாமோ அவற்றைப் பூசி அடைத்துவிட்டோம்.

பகலில் உள்ளே வெளிச்சம் குறைவாகவும் வெளியே கூடுதலாகவும் இருப்பதால் பின்னலூடாகத் தெருவில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. இரவில் உள்ளே விளக்குப் போட்டால் இது தலைகீழாகிவிடும். எனவே உள்பக்கம் தடித்த திரை கட்டாயம். அதற்குத் தூரம் போகத் தேவையில்லை, மருதமுனைக் கைத்தறித் துணி இருக்கிறது. இப்படி ஊரின் கைப்பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடி ஒருவர் நமது நாட்டிலேயே இருந்தார். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லத்தின் கதவுகளில் தும்பறைப் பாய் நெசவைப் பதித்தார். தும்பறைப் பாய்க்குப் பதிலாக நமது உம்மம்மாமார் இழைக்கும் பன்பாயைச் சுவரில் சட்டமிட்டு மாட்டினால் என்ன?

சுவரில் மட்டும்தான். தரையில் பாயோ, வேலை செய்யும் இடத்தில் பிரம்புக் கதிரையோ வேண்டாம். வெட்டிய முடி இடுக்குகளில் சிக்கும், சாயம் ஊறும், கழுவ முடியாது. பிளாஸ்டிக் புல்லுக்கும் இதே குறைதான். தரைக்கு ஓடு, மேசைக்கு வழுவழுப்பான பலகை.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயற்கை என்றவுடன் நான்கு சுவருக்கும் பச்சை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பச்சைச் சுவரில் பட்ட வெளிச்சம் முகத்திலும் பச்சையாகவே விழும். அதைச் சரிக்கட்ட ஒப்பனைக்காரர் ரோஸ் நிறத்தைக் கூட்டிப் பூசுவார். மண்டபத்தில் வெள்ளை விளக்கின் கீழ் மணப்பெண்ணின் கன்னம் சிவந்து தெரியும். ஆகவே கண்ணாடியைச் சுற்றிய சுவர் பால்வெள்ளையாக இருக்கட்டும். கதிரையில் இருப்பவர் கண்ணாடியில் பார்ப்பது தனக்குப் பின்னாலுள்ள சுவரைத்தான். செடிகளை அங்கே வைத்தால் பச்சை கண்ணுக்குத் தெரியும், நிறம் முகத்தில் விழாது.

வெளிச்சம் குறைந்தாலும் தாங்கும் மணிப்பிளான்ட்டும் மருள் வகைச் செடிகளும் போதும். தொட்டியின் கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு அந்தளவு தண்ணீர் தாராளம், பீ.எச்.ஐ. வந்தால் வழக்கும் உண்டு. நீரூற்று யோசனையை நாங்கள் கைவிட்டதும் இதனால்தான்.

ஓடாவி வந்து யன்னலை அளந்து போயிருக்கிறார். ஆறு முனை நட்சத்திரப் பின்னலுக்குக் கூலி கூடும் என்பதால் சாச்சி சாதாரண சாய்சதுரத்தையே தெரிவு செய்தார். ஏ.சி. விண்ணப்பம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. யன்னலைத் திறந்து ஒரு கச்சான் காலத்தைக் கழித்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்கிறார்.