மோதிரத்தின் உட்புறத்து முத்திரைகள்

இங்கிலாந்திலே தாய் விட்டுச்சென்ற மோதிரமொன்றை உடன்பிறந்தார் மூவர் பங்கிட வேண்டியுள்ளது எனக் கொள்வோம். நடுவே நீலக்கல், அதனைச் சூழச் சிறு வைரங்கள். ஒருவர் மோதிரத்தை எடுத்துக்கொண்டு, ஏனைய இருவருக்கும் அதன் பெறுமதிக்கேற்பப் பணம் கொடுக்கவேண்டும். பெறுமதி யாது? உருப்பெருக்குக் கண்ணாடியால் வளையத்தின் உட்புறத்தை நோக்கினால் ஒரு நங்கூரம், ஒரு முடி, 18 என்னும் எண், ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து ஆகியன தெரிகின்றன. நங்கூரத்தைக் கண்டவர் கப்பற்றலைவன் ஒருவனது மோதிரம் என்பார். முடியைக் கண்டவர் அரண்மனைப் பொருள் என்பார். இரண்டும் பிழை.

நம் நாட்டுப் பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பது போல, ஆங்கில நாட்டில் அரசின் ஆணைபெற்ற சோதனைக்கூடங்கள் பொன்னைச் சோதித்து முத்திரையிட்டு வந்துள்ளன. 1300ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வேட் மன்னன் இதற்குச் சட்டம் இயற்றினான். சிறுத்தையின் தலை இலண்டனின் அடையாளமாயிற்று. நங்கூரமோ 1773இல் சோதனைக்கூடம் பெற்ற பேர்மிங்ஹாம் நகருக்குரியது. அந்நகர் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதை எண்ணும்போது புதியவர் மயங்குவது வியப்பன்று. முடி, 18 என்னும் எண்ணோடு சேர்ந்து நிற்கும்போது, பதினெட்டுக் கரட் பொன் என்பதையே குறிக்கும். அரசகுலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எழுத்துத்தான் ஆண்டைச் சொல்வது. ஆயினும் அவ்வெழுத்தே பெரிய மயக்கத்தையும் தருவது. ஆண்டுக்கோர் எழுத்தாக வரிசை முடிந்ததும் மீண்டும் முதலெழுத்திலிருந்து தொடங்குவர். பேர்மிங்ஹாமில் 1849, 1875, 1900, 1925 ஆகிய ஆண்டுகள் யாவற்றுக்கும் முதலெழுத்தே உரியது. எழுத்தின் வடிவமும் அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமுமே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். நெடுநாள் அணிந்து தேய்ந்த வளையத்தில் இவ்வேறுபாடே முதலில் அழிவது. கேடயத்தின் ஒரு மூலையைப் பிழையாகக் கண்டால் மோதிரத்தின் வயது கால் நூற்றாண்டு கூடும் அல்லது குறையும்.

சில மோதிரங்களில் 15 என்னும் எண்ணும் ·625 என்னும் தசமமும் காணப்படும். இதனைப் போலி எனத் தள்ளுதல் தவறு. பதினைந்து கரட் பொன் 1854 முதல் 1932 வரை அங்கே சட்டபூர்வமாக வழங்கியது. ஆகவே அவ்வெண்ணே மோதிரத்தின் காலத்தை ஓரளவு உரைத்துவிடும்.

முத்திரையே இல்லாவிடினோ? அதனாலும் பொன் பொய்யாகிவிடாது. 1739இல் நடைமுறைக்கு வந்த சட்டம் கல் பதித்த அணிகளுட் பெரும்பாலானவற்றுக்குச் சோதனையிலிருந்து விலக்களித்தது. இறந்தோர் நினைவாக அணியும் துக்க மோதிரங்களுக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை. ஆதலால் விக்டோரியா அரசியின் காலத்து நல்ல மோதிரங்கள் பல வெறுமையாகவே உள்ளன. 1920களின் மோதிரங்களில் ‘18 கரட்’, ‘பிளாட்டினம்’ என்னும் சொற்களின் சுருக்கங்கள் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை செய்தவரின் வாக்கேயன்றிச் சோதனைக்கூடத்தின் சான்று அல்ல. பிளாட்டினத்துக்கு அங்கே முறையான முத்திரை 1975இல்தான் வந்தது.

இன்னும் புதிரானது ஆங்கில முத்திரைகளின் அருகே ஓர் ஆந்தை இருப்பது. அது பிரான்சு நாட்டின் அடையாளம். அந்நாட்டிற் செய்த பதினெட்டுக் கரட் பொன்னுக்கு 1838 முதல் கழுகின் தலையை இட்டனர். பிறநாட்டிலிருந்து வந்தனவும் பிறப்பிடம் அறியாதனவுமான பொன்னணிகளுக்கு 1893 முதல் ஆந்தையை இட்டனர். எனவே அம்மோதிரம் ஆங்கில நாட்டிற் பிறந்து, பின்னர் பிரான்சில் விலைப்பட்டிருக்கலாம்.

இத்தனையும் பொன்னைப் பற்றிய செய்திகளே. கல்லைப் பற்றி எம்முத்திரையும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாட்டியின் கற்களைப் பேர்த்திக்காகப் புதிய வளையத்திற் பதித்திருந்தால், முத்திரை வளையத்தின் வயதையே கூறும். பழைய வளையத்தில் உடைந்த கல்லுக்குப் பதிலாகச் செயற்கைக் கல் ஏறியிருத்தலும் கூடும். செந்நிறக் கல்லைச் செயற்கையாக ஆக்கும் முறையை வேர்னோய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902இல் வெளியிட்டார். சில ஆண்டுகளுள் நீலக்கல்லும் அவ்வாறே ஆக்கப்பட்டது. உருக்கி வளர்த்த அக்கல்லினுள் வளர்ச்சிக் கோடுகள் வில்போல் வளைந்திருக்கும். மண்ணில் விளைந்த கல்லில் அவை நேராக நிற்கும். நுணுக்குக் காட்டியின் கீழ் வைத்தால் இவ்வேறுபாடு தெரியும்.

நீலக்கல் இயற்கையானது எனக் கண்டபின் நம் நாட்டுப் பெயர் வருகின்றது. இரத்தினபுரிப் பகுதியிற் பால்போல் மங்கிய கெவுட என்னும் கற்களை 1970களிலிருந்து தாய்லாந்து வணிகர் வாங்கிச் சென்று, உயர்வெப்பத்திற் சூடேற்றி நீலமாக்கினர். அதன்பின் சந்தையிற் பெருகியவை சூடேற்றிய கற்களே. சூடு காணாத பழைய இலங்கை நீலக்கல்லுக்கு அதனாலேயே இன்று விலை கூடுதல். கல்லினுள் பட்டிழைகள் போற் படர்ந்துள்ள நுண்ணிய ஊசிகள் கரையாது முழுமையாக இருப்பின், அது பெருஞ்சூடு காணாதது என ஆய்வுகூடத்தார் கொள்வர்.

ஆகவே அம்மூவரும் பெறுமதி பேசுமுன் கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே தக்கது. அதுவரை விரலளவு மாற்றுவதற்கென வளையத்தை அறுக்கவோ மெருகேற்றவோ கொடுத்தலாகாது. அறுக்கும் இடத்தில் நங்கூரமோ எழுத்தோ இருந்தால், அது கொல்லரின் அரத்தூளோடு போய்விடும்.